தொப்புளுக்குப் பக்கத்தில் ஓர் ஊசி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, மைசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், லேத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாரடைப்பு இன்னும் வரவில்லை, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறோம், குலுக்கலில் உங்களுக்கு எது விழுகிறதோ அதைத் தருவோம், சம்மதமா என்று கேட்டார். அந்த வலியில் நான் எதற்கும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் குண்டலுபேட்டை பஸ் கண்டக்டர் ஒருவர். அவருக்கும் அதே வியாதிதான். அவருக்கு விழுந்தது பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்து. எனக்கு விழுந்தது, காலையும் மாலையும் வயிற்றில் போடும் ஊசி.

மாலை ஊசிக்கு நர்ஸ் வந்தபோது என் மனைவி கூட இருந்தாள். ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வயிற்றில் ஊசி என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், நாய்க்கடி. நர்ஸ் என் சட்டையை விலக்கியதும், சட்டென்று என் தொப்புளை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"இவர நாய் கடிக்கலீங்க. நெஞ்சு வலிங்க. ஆளு மாறி வந்துட்டீங்க."

எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. ஊசி தள்ளிப்போனால் ஆபத்து என்று நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் டாக்டரே வந்தார். அந்த ஆளுக்கு அத்தனை பெரிய பாட்டில், இவருக்கு மட்டும் இத்தனூண்டு ஊசியா, எது நல்ல மருந்து என்று கன்னடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. கன்னடத்தில் அவர் சொன்னது இதுதான்: "எது மேல் என்று எங்களுக்கே இன்னும் தெரியாதம்மா. தெரிந்திருந்தால் எல்லோருக்கும் அதையே போட்டிருப்போம். ஒன்றுமே போடாமல் விடுவதுதான் ஆபத்து."

கண்டக்டர் தன் கையை நீட்டிக் காட்டினார். "நோடி, இங்க பாருங்க தங்கச்சி, மருந்து சரியா ஏறுதான்னு பாக்க மணிக்கணக்கு வச்சு ரத்தம் எடுக்கறாங்க. டிக்கெட்ல ஓட்டை போட்ட மாதிரி ஆயிடுச்சு கை. உங்க வீட்டுக்காரருக்கு வேண்டாம்னா அந்த ஊசிய இந்தப் பக்கம் தள்ளுங்க."

அவள் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லும் டாக்டரை அதுவரை நாங்கள் கண்டதில்லை. மெல்லக் கையை எடுத்தாள். நர்ஸ் ஊசியைப் போட்டார்.

வலி திரும்பி வரவில்லை, எனக்கும் சரி, கண்டக்டருக்கும் சரி. வீட்டுக்குக் கிளம்பும்போது, எந்த மருந்து ஜெயித்தது என்று மனைவி விடாமல் கேட்டாள். இன்னும் நிறையப் பேருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"பாருங்க, நல்லாப் பாருங்க," என்று கும்பிட்டாள். "இவரையும் அதுல ஒரு ஆளா சேத்துக்கங்க."