பதினொன்றாம் விதியும் ஒரு பரங்கிக்காயும்

செந்தமிழ்ச்செல்விக்கு 'வேண்டாம்' என்ற சொல் மட்டும் வாயில் வராது. மற்றபடி வாய்க்குக் குறைவில்லை. இருபத்தேழு வருடமாகப் பிள்ளைகளை அதட்டி உருட்டிப் பழகிய குரல், பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டியும் கேட்கும். ஆனால் துணிக்கடையில் ஒருவர் நாலு புடவையை விரித்துக் காட்டிவிட்டால் போதும், அவர் மனசு நோகுமே என்று ஒன்றையாவது எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார். கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை சோறு விழும்போது இலையைக் கையால் மறைக்கக்கூடத் தெரியாது. கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கும் அவர் கணவர் தீனதயாளனுக்கு இதுதான் தினப்படி வேடிக்கை. "உன்ன கடைக்கு அனுப்புனா கடையையே தூக்கிக்கினு வந்துடுவ" என்பார்.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை கிட்டத்தில் தெரிகிற ஒரு ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியையாகப் போய் ஐந்து வருடம் ஆகிறது. நூற்றுப்பத்துப் பிள்ளைகள். பாதிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மரவள்ளியும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற நிலம் உண்டு. மீதிப் பாதியின் அப்பா அம்மாக்கள் அந்த நிலத்தில் கிழங்கு பிடுங்கவும் கரும்பு வெட்டவும் கூலிக்குப் போகிறவர்கள். இரண்டு பாதியும் ஒரே பெஞ்சில் தோள் இடித்துக்கொண்டு உட்காரும். அதில் செந்தமிழ்ச்செல்விக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாலும், பையனுக்குக் கணக்கில் ஏன் மார்க் போச்சு என்று கேட்க வந்தாலும், கையில் ஒரு பை இருக்கும். நாலு கிழங்கு, ஒரு சீப்பு வாழை, மலையிலிருந்து சொந்தக்காரர் இறக்கிய பலாவில் ஒரு பாதி. இதற்காக யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. மார்க் போன பையனுக்கு மார்க் திரும்பி வராது என்பது கொடுத்தவருக்கும் தெரியும். ஆனாலும் டீச்சரின் ஸ்கூட்டரில் பை தொங்காத நாள் குறைவு. செந்தமிழ்ச்செல்வி வீட்டுத் தெருவில் பாதிப் பேர் அந்தக் கிழங்கை அவித்துத் தின்றவர்கள்தான்.

போன வருடம் பள்ளி திறக்கும் முன்பு கள்ளக்குறிச்சியில் தலைமையாசிரியர்களைக் கூட்டி வைத்து, பள்ளிப் பணியாளர்களின் நடத்தை விதிகள் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பக் கூடாது. வகுப்பில் செல்போன் கூடாது. கை ஓங்கக் கூடாது. குடும்பத்தையோ ஜாதியையோ சொல்லிக்காட்டிப் பேசக் கூடாது. செந்தமிழ்ச்செல்வி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். இதில் ஒன்றைக்கூட அவர் மீறியதில்லை. பதினொன்றாவது வந்தது. பெற்றோரிடமிருந்து பரிசோ விளைபொருளோ, எவ்வளவு சிறியதானாலும், பெறக் கூடாது. ஆட்டிய தலை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள், அவரும் போட்டார்.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான். பையை நீட்டுகிற மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பது? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வருவதையெல்லாம் சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் சாப்பிடட்டும். ஒளிவுமறைவு இல்லை என்று தெரிய, வராந்தாவில் உள்ள கரும்பலகையில் யார், என்ன கொடுத்தார் என்று எழுதிப் போடலாம். காலைப் பிரேயரில் படித்து ஒரு கைதட்டும் கொடுத்துவிடலாம். தீனதயாளன் இதைக் கேட்டுவிட்டு, விதியை ஒடிக்காமல் நன்றாக வளைத்திருக்கிறாய் என்றார். பாராட்டா கிண்டலா என்று செந்தமிழ்ச்செல்வி கேட்டுக்கொள்ளவில்லை.

கரும்பலகை வந்ததும் ஊரே மாறிவிட்டது. அதுவரை ஒரு பை தொங்கின இடத்தில் ஒரு கூடை வந்தது. பேர் வருகிறது, பிரேயரில் படிக்கிறார்கள், நூற்றுப்பத்துப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நாராயணசாமி, அந்த ஊரில் அதிக நிலம் வைத்திருப்பவர், எட்டாம் வகுப்பு ஜீவாவின் தாத்தா, வாரத்துக்கு ஒரு முறை சாக்கில் காய்கறி அனுப்பினார். அவருக்குப் போட்டியாக அடுத்த தெருக்காரர் ஒரு வாழைத்தாரே அனுப்பினார். சாம்பாரில் காய் மிதக்க ஆரம்பித்தது. சமையல் செய்கிற கண்ணகி இப்படியே போனால் இன்னொரு அண்டா வேண்டும் என்றார். செந்தமிழ்ச்செல்விக்கு மனசு நிறைந்து போயிற்று. தினமும் காலையில் தானே சாக்பீஸ் எடுத்துப் பேர்களை மணி மணியாக எழுதினார். பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவதைக் கண்டு, வாசிப்புப் பழக்கம் வளர்கிறது என்று வேறு சந்தோஷப்பட்டுக்கொண்டார். நல்ல மனுஷிதான், ஆனால் சில சமயம் நல்லவர்களுக்குக் கண் கொஞ்சம் மந்தம். எந்தெந்தப் பேர் பலகையில் வரவே இல்லை என்று அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஏழாம் வகுப்பு எழில்மதி தலையில் ஒரு பெரிய பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா பிச்சைமுத்தும் அம்மா செல்லியம்மாளும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு என்று ஒரு பாத்தி நிலம்கூடக் கிடையாது. "எங்க வூட்ல காச்சுது டீச்சர்" என்றாள். மூச்சு வாங்கியது. செந்தமிழ்ச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற பேர்களைவிடப் பெரிய எழுத்தில், பிச்சைமுத்து, பரங்கிக்காய் என்று எழுதினார். பிரேயரில் படித்துவிட்டு, இன்னும் பலமாகத் தட்டுங்கள் என்று சொல்லித் தட்டவைத்தார். எழில்மதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்தார்.

பதினொன்றரை மணி இடைவேளையில் கண்ணகி அந்தக் காயை வெட்டுவதற்காகப் புரட்டினார். அடிப்பக்கத்தில், மண்ணில் பதிந்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேர் தழும்பேறிக் கிடந்தது. ஜீவா. பிஞ்சாக இருக்கும்போது எவனோ முள்ளால் கீறியிருக்கிறான், காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்திருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற விளையாட்டுதான் அது. கண்ணகிக்கு மனசில் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே காயை இடுப்பில் வைத்து வெளியே கொண்டுவந்து, "டேய் ஜீவா, ஒம்பேரு காச்சிருக்குது பாரு" என்றார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஜீவாவும் முதலில் சிரித்தான். எங்கள் வரப்புக் காய்தான், நான்தான் எழுதினேன் என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கூட்டம் மொத்தமும் திரும்பி எழில்மதியைப் பார்த்தது. அவள் பையைக்கூட எடுக்காமல் கேட்டைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாராயணசாமி ஒன்றும் பெரிதுபடுத்தவில்லை, ஒரு காய் போனால் போகிறது என்று சொல்லி அனுப்பினார். ஆனால் பிச்சைமுத்து அவர் நிலத்தில்தான் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அம்மாவோடு வயலுக்குப் போனபோது பெண் காயை மறைத்து எடுத்து வந்திருக்கிறாள். நாளை எது காணாமல் போனாலும் கை தன் வீட்டுப் பக்கம்தானே நீளும் என்று அவர் குன்றிப் போயிருந்தார். உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற சித்தி வீட்டில் பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை கண்ணகி வந்து சொன்னார். அங்கே போனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகுமா, பாத்திரம் கழுவுமா என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்று நாலரை மணிக்குச் செந்தமிழ்ச்செல்வி அந்த வீட்டுக்குப் போனார். எழில்மதி உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்லியம்மாள் பாயை உதறிப் போட்டார். டீச்சர் பாயில் உட்காராமல் பெண் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தார். ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. என்னிடம் சொல்லக் கூடாதா என்று மட்டும் கேட்டார். அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எல்லாரு அப்பா பேரும் வந்துச்சு டீச்சர். எங்கப்பா பேரு மட்டும் வரவே இல்ல."

பிச்சைமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இது புதிது. பெண் ஏன் எடுத்தாள் என்று அவர் அடித்துக் கேட்டும் சொல்லாத காரணம் அது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தாளில் பதினொன்றாவது விதி யாருக்காக எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் செந்தமிழ்ச்செல்விக்குப் புரிந்தது. லஞ்சம் வாங்காதே என்று தனக்குச் சொன்னதாக நினைத்து அவர் ரோஷப்பட்டிருந்தார். கொடுக்க ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்காக எழுதினது அது. அதை அவர் வளைத்து வளைத்து, ஊர் பார்க்கப் பலகையில் வேறு எழுதிப் போட்டு, கைதட்டவும் வைத்திருக்கிறார்.

"தப்பு உம்மேல இல்லம்மா, எம்மேல" என்றார். "திங்கக்கெழம பிரேயர்ல நானே சொல்றேன். நீ வந்து நின்னா போதும்." பிச்சைமுத்துவிடம் உளுந்தூர்பேட்டைப் பயணத்தை நாலு நாள் தள்ளிப்போடச் சொன்னார். அவர் பார்க்கலாங்க என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை எழில்மதி வரவில்லை. செந்தமிழ்ச்செல்வி கேட்டைப் பார்த்துப் பார்த்து ஐந்து நிமிஷம் தாமதித்தார். பிறகு அந்தத் தாளை எடுத்துப் பிள்ளைகள் முன்னால் படித்தார். டீச்சர்களுக்கும் விதி உண்டு என்பதே பிள்ளைகளுக்கு ஆச்சரியம். பதினொன்றாவதைப் படித்துவிட்டு, இதில் நான் கையெழுத்துப் போட்டேன், போட்டுவிட்டு மீறினேன், அதனால் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குத் தலைகுனிவு வந்தது, அதற்கு என்னை மன்னிக்க வேண்டும் என்றார். இனி யார் வீட்டிலிருந்தும் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியால் பலகையைத் தானே துடைத்தார். உதவி ஆசிரியை அருள்மொழி துணியை வாங்க வந்தார், அவரிடம் கொடுக்கவில்லை.

சொல்வது சுலபம். புதன்கிழமை நாராயணசாமி டிராக்டரில் இரண்டு வாழைத்தாரோடு வந்து இறங்கினார். செந்தமிழ்ச்செல்வி எழுந்து எதிரே போனார். வேண்டாங்க என்றார். பிள்ளைகளுக்குத்தானே என்றார் அவர். பிள்ளைகளுக்கும் வேண்டாங்க என்றார். "நா இன்னா லஞ்சமா குடுக்குறேன்?" என்று அவர் முகம் கறுத்தது. இவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாரே தவிர அசையவில்லை. டிராக்டர் தாரோடு திரும்பிப் போனது. அன்று மாலை தீனதயாளனிடம் இதைச் சொன்னபோது அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மெய்யாகவா என்று இரண்டு தடவை கேட்டார்.

செய்தி ஊரைச் சுற்றிவர ஒரு பொழுது போதும். வியாழக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் கேட்டுக்கு வெளியே பிச்சைமுத்து நின்றார். பக்கத்தில் யூனிபார்மோடு எழில்மதி. அவர் தோளில் ஒரு சுரைக்காய், இளசு, மேலே சுணை மினுங்குகிறது.

"எங்க கூரையில காச்சுது டீச்சர்" என்றார். "இது எங்களுதுங்க. சத்தியமா எங்களுது."

டிராக்டரைத் திருப்பி அனுப்பியது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள் என்று செந்தமிழ்ச்செல்வியின் கை நீளத்தான் பார்த்தது. எழில்மதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக் கூப்பிக்கொண்டார்.

"வேணாங்க. மன்னிச்சுக்குங்க. யார்கிட்டயும் வாங்குறதில்லன்னு சொல்லிட்டேன்."

பிச்சைமுத்து காயைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"பெரியவருக்கும் இதே பதிலுதாங்களா?"

"அவருக்கும் இதே பதிலுதாங்க. வேற பதிலே இல்லைங்க."

அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. வேண்டாம் என்று சொல்லி ஒரு மனுஷனை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடியும் என்று செந்தமிழ்ச்செல்விக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. பிச்சைமுத்து பெண்ணின் முதுகைத் தட்டி, மணி அடிக்கப் போவுது, ஓடு என்றார். அவள் ஓடிப்போய் வரிசையில் நின்றாள். கேட்டருகே நின்று அதைப் பார்த்துவிட்டு அவர் திரும்பினார். டீக்கடை பக்கம் யாரோ, காயைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறாயே, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவர் நின்று, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கும் வாணாம்னுட்டாங்க."