தோள்மேல் இருந்த கை

துபாயில் ஹோட்டல் டிவிகளுக்குச் சென்சார் விதிப்படி படம் வெட்டிக் கொடுக்கும் கம்பெனியில் எட்டு வருஷம் எடிட்டராக இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு வெளிநாட்டுப் படம் வந்தது. ஜோடியாக வாழும் இரண்டு ஆண்கள் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கக் கோர்ட்டில் போராடுகிற கதை.

சூப்பர்வைசர் எகிப்துக்காரர். "பாய், டூ மேன் டுகெதர் மாஃபி. பேபி ஓகே. யல்லா!" என்றார். மாஃபி என்றால் கூடாது, யல்லா என்றால் சீக்கிரம். இரண்டு பேரையும் எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை மிஞ்சாது.

மூன்றாம் நாள் மத்தியானம், வெட்டியதைப் போட்டுப் பார்த்தேன். குழந்தை தனியாகச் சாப்பிடுகிறது, மேஜையில் மூன்று தட்டு. கதவு திறக்கிறது, யாரும் வரவில்லை. குழந்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறது. ஆண்களின் குரலை மியூட் செய்த இடங்களில் ரூம் டோன் ஒட்டியிருந்தேன், அதாவது காலி அறையின் மெல்லிய இரைச்சல். அதற்குள் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. கடைசியில் நீதிபதி, "வீட்டில் உன்னோடு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். குழந்தை விரல் நீட்டுகிறது. அங்கே காலி நாற்காலி. ஏசியிலும் எனக்கு வியர்த்துவிட்டது.

சூப்பர்வைசரும் பார்த்தார். "குட், பாய். பட் திஸ் இஸ் ஜின் பிக்சர்" என்றார். ஜின் என்றால் பேய். எழுந்துபோய் லைட்டைப் போட்டார்.

துபாயின் கராமா பகுதியில், என் அறையில் என்னோடு அந்தோணி இருந்தான். ஏசி டெக்னீஷியன், முட்டம் பக்கத்துக்காரன். ஆபீசில் கேட்டால் கசின் என்பேன். உண்மையில் ஆறு வருஷமாக அவன்தான் எனக்கு வீடு. அந்தச் சமயத்தில் ஊரில் அவன் அக்கா இறந்துபோனாள். அவளுடைய ஆறு வயது மகள் ஜெனியை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஊருக்குப் போயி அவள வளக்கப் போறேன். நீயும் வாடே" என்றான்.

"ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்று கேட்டு நழுவினேன்.

பிள்ளைக்குக் காட்ட மாமாவின் போட்டோ வேண்டும் என்று ஊரிலிருந்து கேட்டார்கள். நாங்கள் சேர்ந்து எடுத்த படம்தான் இருந்தது. ஆபீஸ் மெஷினில் என்னை வெட்டிவிட்டு, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். சுத்தமான கட் என்று பெருமை வேறு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெனி போனில் வந்தாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மாமா, போட்டோவுல ஒங்க தோள்ல ஒரு கை மட்டும் இருக்கே. அது யாருக்க கை? பேய்க்க கையா?"

அந்தோணி என்னைப் பார்த்தான். "நீயே சொல்லு" என்று போனை நீட்டினான். அந்தக் காலி நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"எனக்க கைதான் மக்களே" என்றேன்.

"அப்போ மிச்ச ஆளு எங்க?"

"வந்துட்டு இருக்கேன்."

அந்த மாதமே வேலையை விட்டு அந்தோணியோடு ஊருக்கு வந்தேன். ஜெனி ஹாஸ்டலுக்குப் போகவில்லை. இன்றும் என்னைக் 'கை மாமா' என்றுதான் கூப்பிடுகிறாள். எடிட்டிங் கற்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஓர் ஆளை வெட்டுவதற்கு முன், அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.