வாங்கின விலைக்கும் கீழே

பக்கத்துத் தெருவில் புதுசாகக் கடை திறந்தவன், நாங்கள் கம்பெனியில் வாங்குகிற விலைக்கும் கீழே விற்கிறான் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்த வேலை போனால் வேறென்ன தெரியும்?

திருச்செங்கோட்டில் எங்கள் கடையில் சேட்டிலைட் போனுக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுப்போம். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. அங்கே காட்டுக்குள் டவர் கிடையாது, அந்தப் போன்தான் வழி. போனை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. அதனால் இத்தனை வருஷத்தில் நான் அதைக் கையால் தொட்டதே இல்லை.

என் வேலை, வேலிடிட்டி முடியும் முன் ஊரிலிருக்கும் ரிக் ஓனர்களைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவது. முடிந்துவிட்டால் நம்பரே போய்விடும். காட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் யாரைக் கூப்பிடுவான்? அதை நினைத்து நினைத்தே திரும்பத் திரும்பக் கூப்பிடுவேன்.

"இவன் தொல்லை தாங்கலையப்பா" என்று திட்டிக்கொண்டேதான் போடுவார்கள்.

புதுக்கடை வந்ததும் ஓனர்கள் வரிசையாக அங்கே போனார்கள். "நாமளும் குறைக்கலாமுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அவனுக்குப் பின்னால பெரிய பணம் இருக்குது. நாமெல்லாம் மூடற வரைக்கும் நட்டத்துல விப்பான், அப்புறம் ஏத்துவான். குறைச்சா நாம சீக்கிரம் மூடுவோம், அவ்வளவுதான்."

ஆனால் மாதம் ஒரு ரீசார்ஜாவது போகாவிட்டால் கம்பெனி எங்கள் டீலர்ஷிப்பை ரத்து செய்துவிடும். கடைசியில் மிஞ்சியது எருமப்பட்டி பூங்கொடி ஒருத்திதான். ஒற்றை ரிக், புருஷனே வண்டியோடு போயிருந்தார். பயத்தில் நானே வாயை விட்டுவிட்டேன்.

"அம்மிணி, அங்க வெலை கம்மியாச்சே. நீங்களும் போயிருவீங்களா?"

"போலாம்னுதான் பாத்தனுங்ண்ணா. முடியறப்பக் கூப்பிட்டுச் சொல்லுவீங்களான்னு அவங்ககிட்டக் கேட்டேன். மெசேஜ் வரும்னாங்க. அது காட்டுல இருக்கற போனுக்குத்தான போகும்? எங்கூட்டுக்காரரு அதையெல்லாம் பாக்கற ஆளா? நீங்க எனக்குஞ் சேத்துப் பயப்படறீங்க, நான் தூங்கறனுங்க. அதுக்குத்தான் இந்தக் காசு."

அவளுடைய ரீசார்ஜில்தான் எங்கள் டீலர்ஷிப் உயிரோடு இருந்தது. முதலாளி பஸ் டிக்கெட், டி.டி.எச். என்று சமாளித்தார். என் சம்பளம் பாதியானது. ஊரில் இதே தொழில் செய்த மற்றவர்கள் மூடிவிட்டார்கள். அதற்காகவே காத்திருந்தது போலப் புதுக்கடையில் விலை ஏறி, எங்களையும் தாண்டியது.

ஓனர்கள் திரும்பி வந்தார்கள். "என்னப்பா, உன்ற தொல்லையே இல்லாமக் காது அடைச்சுப் போச்சு" என்றார் ஒருவர்.

"நாமளும் கொஞ்சம் ஏத்துவமா? அவனை விடக் கம்மியா இருந்தாப் போதுமே" என்றார் முதலாளி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு நட்டம் பட்டிருந்தார்.

"ஏத்தலாமுங்க. பூங்கொடிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிப்போடுங்க" என்று போனை நீட்டினேன்.

வாங்கி அவள் நம்பரைத் தேடி எடுத்தார், கூப்பிடவில்லை. "பழைய விலையே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

கடை வைக்க நினைக்கும் பிள்ளைகளே, ஒரு விலையைப் போடும் முன், அதை யாரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசுமோ, அவருக்கு முதலில் போன் போடுங்கள்.