சீனி ஏறாத வண்டி

எங்கள் காம்பிங் காரில் ஒரு கரண்டி சீனியும் ஏறக்கூடாது என்று நான் சட்டம் போட்டபோது இவர் மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் உடனே தலையாட்டாத மனிதர் என் வீட்டுக்காரர்.

காம்பிங் கார் என்றால் கட்டில், அடுப்பு, பிரிஜ், கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்திருக்கும் நீண்ட வான். பென்சன் வந்த கையோடு, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், யாரோ ஓடிக் களைத்துப்போன ஒன்றை இவர் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். பாரிஸ் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையற்காரராக ஓய்வு பெற்றவர். இத்தனை வருடத்தில் பிரான்சில் நாங்கள் பார்த்ததெல்லாம் பாரிசுக்கு வெளியே சார்செலில் எங்கள் மாடிவீடு, அங்கிருந்து ரயில், ரயிலால் இறங்கினால் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பல், பிறகு அதே ரயிலில் வீடு. “இஞ்சத்தைக் கடலை ஒருக்காப் பாக்கவேணும்” என்றார் இவர். நான் திட்டித் தீர்த்துவிட்டு, வண்டியின் யன்னல்களுக்குத் திரைத்துணி அளந்தேன்.

திரை தைத்து முடிவதற்குள் இவருக்கு நெஞ்சு குத்திவிட்டது. ஒப்பித்தாலில், அதுதான் இங்கத்தைய ஆஸ்பத்திரியில், நெஞ்சில் அடைபட்ட குழாய்க்குள் சின்னக் கம்பிச் சுருள் ஒன்றை வைத்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் போனதும் வைத்தியர் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தார். நடக்கலாம், கார் ஓடலாம், ஊர் சுற்றலாம். இவர் அதில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடைக்குப் போய்வந்தால் அன்றைய பயணம் முடிந்தது. சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்க்கும்போதும், என்னோடு கதைக்கும்போதும், வலது கை விரல்கள் இடது கையின் நாடியில் இருக்கும். கீழே தரிப்பிடத்தில் நின்ற காம்பிங் காரின் கூரையைப் புறாக்கள் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டன.

எனக்குப் பயமாக இருந்தது. வைத்தியர்கள் பிழைக்க வைத்துத் தந்த மனிதர் சோபாவிலேயே முடிந்துபோவார் என்று பயந்தேன். பகிடி விட்டு என்னைக் கோபப்படுத்துகிற ஆள் எனக்குத் திரும்ப வேண்டும். அவரைக் கடலிடம்தான் வாங்கவேண்டும் என்றால் அதற்கும் நான் தயார்.

“நான் ஓடுறன். நீங்கள் பக்கத்திலை இருந்தாக் காணும்” என்றேன்.

“உமக்கு உந்த யானையைத் திருப்ப ஏலாது.”

“விமான நிலையத்திலை துப்புரவு வேலைக்கு வான் ஓடினது ஆர்? நீங்களோ?”

இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நான் பெட்டி கட்டினேன்.

என்னுடைய வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு நீரிழிவு. சீனி வருத்தம் என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வோம். காலையில் ஒரு குளிசை, ஒரேயொரு மாத்திரை. அதை நான் ஒரு நோயாகவே மதித்ததில்லை. லாச்சப்பலில் ஒரு கடைக்குள் நின்று கல்லெறிந்தால் சீனி வருத்தக்காரர் மேல்தான் விழும். இவருக்கு நெஞ்சு, எனக்குச் சீனி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். சீனி இல்லை, சக்கரை இல்லை, இனிப்புப் பண்டம் இல்லை. தேத்தண்ணி வெறுமனே. சீனி கூடிப்போகும் என்ற பயம் ஒன்றுதான் எனக்கு. குறைந்துபோகவும் கூடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதை ஒரு காதால் வாங்கி மற்றக் காதால் விட்டிருந்தேன்.

புது வண்டி, பழைய வண்டி எதுவானாலும் பூசை செய்யாமல் தூரப்பயணம் போவதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை ரூ பஜோலில் இருக்கும் பிள்ளையார் கோவிலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அந்த வீதியில் காம்பிங் கார் நுழைந்தபோது தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டி என்னை ஓட்டினார்கள். “அக்கா, வலப்பக்கம் ஒடியுங்கோ!” “இல்லையக்கா, நேர விடுங்கோ!” யார் சொன்னதையும் கேளாமல் நிறுத்தினேன். ஐயர் வெளியே வந்து வண்டியின் மூக்கில் சந்தனம் வைத்து, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். பின்னால் ஒரு சாமான் வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். தேங்காய் உடைந்ததும் அவனுக்கும் ஒரு பாதியைக் கொடுத்தேன். வாங்கி மணந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு சத்தமே இல்லாமல் காத்திருந்தான்.

அந்தச் சந்தடிக்குள் நான் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இவருடைய நெஞ்சுப் பயம் போகும்வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கும் நேரம்வரை தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படாது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கொரு வாதம் வரும்.

“நான் உதிலை ஒருக்காப் போட்டு வாறன்” என்று இவர் கடைப்பக்கம் போனார். மருந்துக்கடையைத் தவிர வேறெங்கும் தனியே போகாதவர் போகிறாரே என்று எனக்குச் சந்தோசம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிவந்தார். பிறகு வண்டியின் வெளிப்பக்கப் பெட்டியைத் திறந்து, கழிவுத்தண்ணீர்க் குழாயைச் சரியாகச் சுருட்டி வைக்கவேண்டும் என்று கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். வேலையில் அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் வண்டியை முன்னே எடுத்தேன். தேசிக்காய்கள் நசிந்தன. புறப்பட்டோம்.

பிரான்சில் வீதி போடுகிறவர்களுக்கு நேர்க்கோடு பிடிக்காது போலிருக்கிறது. பெருவீதியை விட்டு இறங்கினால் சுற்றுவட்டத்துக்குப் பின் சுற்றுவட்டம். ஒவ்வொன்றிலும் இவருக்கு ஒரே பேச்சு.

“இஞ்சை பாரும், இந்த ரோன்புவானிலை ஒரு முழுச் சுத்துச் சுத்தினா வந்த வழியாலை வீட்டை போகலாம்.”

“போகலாம். போகமாட்டம்.”

அடுத்த வட்டம் வரும்வரை நாடியைப் பிடித்துக்கொண்டு இருப்பார். ஊர்ப்பெயர்ப் பலகை வந்தால் இங்கே ஒப்பித்தால் உண்டோ என்று போனில் தேடுவார். “உண்டு” என்று தெரிந்தால் முகம் கொஞ்சம் தெளியும். இரண்டு ஒப்பித்தாலுக்கு நடுவில் வரும் வயல்வெளிகளை அவர் கண்ணைத் திறந்து பார்க்கவே இல்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவ்வளவு பச்சையை நான் ஒருத்தியாகப் பார்த்து என்ன செய்வது?

மாலையில் காம்பிங் கார்கள் தங்கும் இடங்களில் நிறுத்துவோம். அங்கே வருகிற பிரெஞ்சுக்காரர் முக்கால்வாசிப் பேர் எங்கள் வயது. பார்த்தவுடன் வணக்கம் சொல்லி, அடுத்த பேச்சாக முழங்காலைப் பற்றித் தொடங்குவார்கள். பக்கத்து வண்டிக்காரருக்குப் புது இடுப்பு; அவர் மனைவிக்குப் பிரெசர். மேசையில் ஆளுக்கொரு குளிசைப் பெட்டியை வைத்துக்கொண்டு, யாருடையதில் கூட நிறம் என்று பார்த்துச் சிரித்தோம். நான் தேங்காய்ப்பாலில் உப்புக் குறைத்து வைத்த சொதியை அந்த மனிசி ருசித்துவிட்டு இரண்டாம் தரமும் கேட்டாள். இவர் மட்டும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, விரலை மணிக்கட்டில் வைத்தபடி இருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பின்னேரம் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். விடிய எழும்பி முழுகி, வழக்கம்போல என் குளிசையைப் போட்டேன். இவருக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தேன்.

“நீர் சாப்பிடேல்லையோ?”

“நான் அப்பவே சாப்பிட்டிட்டன்.”

மத்தியானம் தாண்டியபோது எனக்கு வேர்த்தது. யன்னலைத் திறந்தேன். கை நடுங்கியது, வீதி நடுங்குகிறது என்று நினைத்தேன். ஒரு சுற்றுவட்டம் வந்தது. இவர் வழக்கம்போல, திரும்பலாமே என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் திட்டாமல் விட்டதுதான் இவருக்குப் பயத்தைக் கொடுத்ததாம். பிறகு சொன்னார்.

“என்ன செய்யுது உமக்கு?”

மரநிழலில் ஒரு ஒதுக்கிடம் தெரிந்தது. எப்படியோ வண்டியை அதற்குள் விட்டு நிறுத்திவிட்டேன். சீற் பெல்ற்றைக் கழற்ற முடியவில்லை. அந்தச் சின்னப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. நாக்குத் தடித்துப்போனது.

“உண்மையைச் சொல்லும். காலமை சாப்பிட்டனீரோ?”

“வெள்ளிக்கிழமை” என்றேன்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல் போதும். இவருக்கு விளங்கிவிட்டது.

“குளிசையைப் போட்டிட்டு விரதமோ! சீனி எங்கை? ஏதும் இனிப்பு எங்கை?”

இல்லை என்று தலையாட்டினேன். வண்டி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நானே பார்த்துப் பார்த்து ஏற்றியது. குத்தரிசி இருக்கிறது, இடியப்ப மா இருக்கிறது, மிளகாய்த்தூள் ஒரு வருடத்துக்கு இருக்கிறது.

இவர் கதவைத் திறந்து குதித்தார். ஆறேழு மாதமாகப் படியில் ஒவ்வொரு காலாக இறங்கிய மனிதர் குதித்தார். வெளிப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கழிவுக் குழாயை இழுத்து எறிந்துவிட்டு, அதற்குப் பின்னாலிருந்து ஒரு போத்தில் இஞ்சிச் சோடாவோடு வந்தார். லாச்சப்பல் கடையில் விற்கிறதே, தொண்டையைக் கிழிக்கும் அந்தச் சோடா. வெதுவெதுப்பாக இருந்தது. “குடியும். மெல்ல. இன்னும் குடியும்.” இடையில் அவசர இலக்கத்துக்கு அடித்து, கொதிக்கும் சட்டியைக் கையில் வைத்திருப்பவர் போலக் குசினிப் பிரெஞ்சில் கத்தினார். மறுமுனையில் ஒரு பெண் பதறாமல் பதில் சொன்னாள். சோடா சரி, கொஞ்சம் தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள், தெளியாவிட்டால் உடனே திரும்ப எடுங்கள், உங்கள் மனைவி இன்றைக்கு வண்டி ஓடக்கூடாது.

இவர் என் கைப்பையிலிருந்த சீனி பார்க்கும் கருவியை எடுத்து என் விரலைக் குத்திப் பார்த்தார். திரும்பவும் குடிக்க வைத்தார். திரும்பவும் குத்தினார். உலகம் மெல்ல மெல்லத் தன் இடத்துக்கு வந்தபோது முதலில் நான் கண்டது இவருடைய கைகளை. இரண்டும் என் மேல் இருந்தன. ஒன்று என் முதுகில், மற்றது என் கன்னத்தில். நாடி பிடிக்க அவருக்குக் கை மிச்சமில்லை.

மிச்ச இடியப்பத்தைச் சொதி விட்டுக் குழைத்துத் தந்தார். தின்ன முடிகிற அளவுக்கு வந்ததும் எனக்குக் கோபமும் வந்துவிட்டது.

“உதுக்குள்ளை எத்தினை போத்தில் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?”

“நீர் முதல் சொல்லும். ஆருக்காக விரதம்?”

“வேறை ஆருக்கு? உங்கட நெஞ்சுக்குத்தான்.”

இவர் என் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“இஞ்சை பாரும், பிள்ளையார் சாப்பாட்டுக்காரர். அவர் உம்மைப் பட்டினி கிடக்கச் சொல்லியிருக்கமாட்டார். நான் அவரோடை கதைக்கிறன்.”

“அந்தக் கழிவுக் குழாய்க்குப் பின்னாலை போய், சீ!”

“அங்கைதான் நீர் கை வைக்கமாட்டீர்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஒப்பித்தாலுக்குப் போன நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்க்குள் இடியப்பம் வேறு.

மகளுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னோம். அவள் பிரெஞ்சில் இருவரையும் சமமாகப் பங்கு போட்டு ஏசிவிட்டு, இரவு எங்காவது தங்கி நாளைக்கே வீட்டுக்கு வந்து சேருங்கள் என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மனம் விட்டுப்போயிருந்தது. வீதியில் இவர் விழுந்தால் நான் பார்ப்பேன் என்றுதான் வந்தேன். நான் விழுவேன் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

“இஞ்சருங்கோ, கடலும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். திரும்பிப் போவம். ஆரையும் கூப்பிட்டு வண்டியை எடுப்பிப்பம்.”

இவர் சோடாப் போத்திலை இறுக்கி மூடினார். என்னைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றி, பெல்ற்றைப் போட்டுவிட்டு, மடியில் சோடாப் போத்திலை வைத்தார். பிறகு சுற்றிவந்து, ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறி, அதைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். நான் போத்திலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சத் தூரத்தில் ஒரு சுற்றுவட்டம். உள்ளே இறங்கினார். முதலில் கடல் என்ற பலகை வந்தது, கடந்துபோனார். அடுத்தது நாங்கள் வந்த வழி, பாரிஸ் என்று எழுதியிருந்தது. சரி, திரும்பப் போகிறார் என்று கண்ணை மூடினேன். வண்டி வளைந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தால் பாரிஸ் பின்னுக்குப் போய்விட்டது. திரும்பவும் கடல். திரும்பவும் பாரிஸ். பின்னால் வந்த ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“எனக்குத் தலை சுத்துது. என்ன செய்யிறியள்?”

“நீர்தானே சொன்னனீர் திரும்புவம் எண்டு. திரும்பிக்கொண்டுதான் இருக்கிறன்.”

அந்தப் பகிடிதான். அந்தக் கேடுகெட்ட பகிடிக்குத்தான் நான் அவ்வளவு தூரம் வண்டி ஓடி வந்தது.

மூன்றாம் தரம் கடல் என்ற பலகை வந்தபோது அந்தப் பக்கம் ஒடித்தார். அங்கே கிட்ட ஒப்பித்தால் உண்டோ என்று கேட்கவில்லை. நான் ஒரு மிடறு சோடா குடித்துவிட்டு, இவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன.