கடல் கேட்காத அறை

எங்கள் மகள் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். போன கார்த்திகையில் ஒரு நாள் போன் செய்து, மாசி மாதத்தில் எனக்கும் அவளுடைய அப்பாவுக்கும் மாலத்தீவு போக விமான டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நானும் அவரும் சேர்ந்து போன தூர இடம் வேளாங்கண்ணி மட்டும்தான். அவள் மனதில் அது ஒரு குறையாகவே கிடந்திருக்கிறது.

"ரூம் மட்டும் நான் போடல்லம்மா. நீங்க ரெண்டு பேரும் பாத்து, பிடிச்சதா எடுங்க. ஆயிரம் தீவு கெடக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அறை தேடுவது என் வேலையாயிற்று. நான் தபால் ஆபீசில் கவுண்டரில் இருக்கிறேன். மதியம் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனைத் திறப்பேன். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள்தான் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டன. ஓலைக்கூரை. கரையிலிருந்து நீண்டு போகும் மரப்பாலம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கண்ணாடி பதித்திருக்கும். படுத்தபடியே கீழே மீன் போவதைப் பார்க்கலாம். நான் படத்தைப் பார்ப்பதோடு நின்றதில்லை. உள்ளே போய்விடுவேன். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, ஈரத்துண்டை எங்கே காயப்போடலாம் என்று யோசிப்பேன். அந்தக் கட்டிலில் சாய்ந்து, தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரு வீட்டில் காலை, இன்னொரு வீட்டில் மத்தியானம், மூன்றாவதில் அந்தி. சாப்பாட்டு நேரம் முடிந்து கவுண்டரைத் திறந்த பிறகும் முழுதாகத் திரும்பி வந்திருக்க மாட்டேன். "மக்கா, எனக்க கவரைக் கையில வச்சிட்டு யாருகிட்ட சிரிக்கிய?" என்று ஸ்பீடு போஸ்ட் அனுப்ப வந்த அக்கா ஒருத்தி கேட்டாள்.

எனக்கு ஏன் அந்த மரவீடுகள்மேல் அவ்வளவு ஆசை என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிறந்தது முட்டத்தில். வாழ்க்கைப்பட்டது தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்கள் தெரியும். ஆனி ஆடியில் அலை வந்து அந்தக் கல்லில் அடித்தால் அலமாரியில் டம்ளர் அதிரும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கடலை நான் முழங்காலுக்கு மேல் அறிந்ததில்லை. எங்கள் கரையில் பெண்கள் கடலில் இறங்குவதில்லை. அது ஆண்கள் வேலைக்குப் போகிற இடம். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் ஆழ்கடலுக்குப் போனவர். போனால் இருபது நாள், முப்பது நாள். அங்கே இரவு எப்படி இருக்கும், படுத்தால் எப்படி இருக்கும் என்று புதிதாக வந்த காலத்தில் கேட்டிருக்கிறேன். "என்ன இருக்கு, தண்ணிதான்" என்பார். போன வருடம் முட்டுவலி வந்து அவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். இனி கேட்டாலும் சொல்லப் போவதில்லை. ஒரு தடவையாவது தண்ணீருக்கு மேல் அவரோடு படுத்து எழுந்தால் அந்த முப்பது வருடத்தில் கொஞ்சம் எனக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதலில் பிடித்த வீட்டை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். கட்டிலைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கொஞ்சம் கடலைப் பார்த்தார்.

"இது வடகிழக்கப் பாத்து நிக்கு. மாசியில வாடைக்காத்து அங்கேருந்துதான் வரும். ராத்திரி பூரா ஓலை படபடன்னு அடிக்கும்" என்றார்.

மறுநாள் மேற்கே பார்த்த ஒரு வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதில் ஓரமாகக் கிடந்த இரண்டு மணல்மூட்டைகளைக் காட்டினார். "கரை அரிச்சுப் போவுது. அதை மறைக்கத்தான் பூச்செடி வச்சிருக்கான்." இன்னொன்றில் வெளிர்நீலம் முடிந்து கருநீலம் தொடங்கும் கோடு தூணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "இங்கன பாரு, இதோட தரை முடிஞ்சுது. அந்தப் பக்கம் ஆழம். அங்கேருந்து வர்ற அலைக்குத் தூண் ஆடும்." அந்த விடுதிக்காரர்கள் மாலை வெளிச்சத்துக்குக் காத்திருந்து, பூ வைத்து, திரையை விலக்கி எடுத்த படங்கள் அவை. இவர் அதில் காற்றையும் நீரோட்டத்தையும் தேடிக்கொண்டிருந்தார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரம் கழிந்தபோது சிரிப்பு போய்விட்டது. இவருக்கு என்னோடு வருவதற்கே இஷ்டமில்லை, அதைச் சொல்லத் தெரியாமல்தான் காற்றின்மேல் பழி போடுகிறார் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "வர மனசில்லன்னா சொல்லுங்க. பிள்ளைகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குத்தம் சொல்லாதிய."

அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "வருவேன் ஏட்டி. தண்ணிக்கு மேல மட்டும் வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"உறங்க முடியாது."

முப்பது வருடம் போட்டில் உறங்கிய ஆள் இப்படிச் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர் முகம் அப்படி இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். மகள் கைக்குழந்தையாக இருந்த காலம். வலை விட்டுவிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். காவலுக்கு இருந்தவனும் கண்ணயர்ந்துவிட்டான். இவருக்கு உறக்கத்திலேயே தண்ணீரின் சத்தம் மாறினது தெரிந்தது. "பலகையில தட்டுத தண்ணிக்கு ஒரு கணக்கு உண்டு. அது மாறிப்போச்சு. யாரோ மூச்சு இழுக்குத மாதிரி." எழுந்து பார்த்தால் நட்சத்திரம் இல்லை. வானத்தில் பாதி இல்லை. பக்கத்தில் கப்பல் வந்துகொண்டிருந்தது. கத்தினார். ஒருவர் எஞ்சினை முடுக்கினார், இன்னொருவர் வலையை அறுத்தார். சுவர் நகர்ந்து போகிறதுபோல் கப்பல் பக்கவாட்டில் போயிற்று. அதில் இருந்தவர்களுக்குக் கீழே ஒரு போட்டு இருந்ததே தெரிந்திருக்காது.

"அதுக்குப் பொறவு எனக்க காது அடையல்ல. கண்ணு உறங்கும், காது முழிச்சே கெடக்கும். வீட்டுலயும் அப்படித்தான். அலை மாறினா எந்திச்சிருவேன். நீ அந்த மரவீட்டுல நல்லா உறங்குவ. நான் அஞ்சு நாளும் காவல் கெடப்பேன்" என்றார்.

வீட்டில் அவர் எத்தனையோ தடவை எழுந்து போவதை நான் அரைத்தூக்கத்தில் பார்த்திருக்கிறேன். பீடி குடிக்கப் போகிறார் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். அன்று பிற்பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. துணியை மடித்தேன், மறுபடி பிரித்து மடித்தேன்.

அதற்குப் பிறகு நான் தேடியது வேறு அறை. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவில், கடல் கேட்காத அறை. எந்த விடுதியும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பெரிய விடுதிகளை விட்டுவிட்டு, தீவுக்காரர்கள் தங்கள் வீட்டோடு சேர்த்து நடத்துகிற சின்ன இடங்களைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: அறையில் படுத்தால் கடல் சத்தம் கேட்குமா? எல்லோரும் சந்தோஷமாகப் பதில் போட்டார்கள். கேட்கும், நன்றாகக் கேட்கும், தலைமாட்டிலேயே கேட்கும் என்று ஒருவர். இரவு முழுவதும் அலை தாலாட்டும் என்று இன்னொருவர். நான் கேட்டதன் அர்த்தம் ஒருவருக்கும் புரியவில்லை.

ஒரே ஒரு பெண் மட்டும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். "வருத்தமாக இருக்கிறது, கேட்காது. எங்கள் வீடு தீவின் நடுவில் இருக்கிறது. தென்னை ஓலையும், கோழியும், என் மாமியாரும்தான் கேட்கும்."

அதைத் தமிழில் அவருக்குப் படித்துச் சொன்னேன். அந்த மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "அந்த மாமியாருக்கப் பக்கத்துலயே போடச் சொல்லு" என்றார்.

மரவீட்டை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். அதற்குப் பிறகும் சில மதியங்களில் அந்தப் படங்களுக்குள் போய்வந்தேன். கண்ணாடித் தரைக்குக் கீழே அதே மீன்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு மெல்ல மெல்லப் போவது குறைந்தது.

மாசியில் புறப்பட்டோம். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். கீழே சுருக்கம் விழுந்த நீலத்துணிபோல் கடல் அசையாமல் கிடந்தது. "இதுக்குள்ளயா கெடந்தேன்?" என்று என்னிடம் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு தீவுகள் வந்தன. கருநீலத்தில் யாரோ பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டின் நடுவிலும் ஒரு பச்சைப்பொட்டு வைத்ததுபோல.

விமானம் இறங்கி, ஸ்பீடு போட்டில் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. வீட்டுக்காரப் பெண் துறையில் வந்து காத்திருந்தாள். பவளக்கல்லில் கட்டிய மதில்களுக்கு நடுவே வெள்ளை மணல் தெரு. பத்து நிமிடம் நடந்தால் தீவின் மறுகரை. நாங்கள் பாதித் தூரத்தில் நின்றோம். முற்றத்தில் பெரிய சீமைப்பலா மரம் நின்றது. அதன் நிழல் அறைக்குள்ளும் விழுந்து, சுவரெல்லாம் பச்சையாக இருந்தது. மாமியார் அடுக்களையிலிருந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் மருமகளுக்குத்தான் ஏச்சு என்பது புரிந்தது. சூரை மீனும் தேங்காய்த்துருவலும் வெங்காயமும் பிசைந்து, ரொட்டியோடு தந்தார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது, தேங்காய்ப்பட்டணத்துப் பாங்கு கேட்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறதுபோலவே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்தார். நான் நின்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஓலை அசைந்தது. கோழி கொக்கரித்தது. கடல் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் உறங்கியிருந்தார்.

அப்படி ஒரு உறக்கத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. வீட்டில் எப்போதும் ஒருக்களித்து, ஒரு கையைத் தரையில் ஊன்றியவர்போலத்தான் படுப்பார். இங்கே மல்லாந்து, கைகள் இரண்டும் விரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் இருந்த கோடுகள் எங்கே போயினவோ. பெண் பார்க்க வந்த அன்று பார்த்த முகம் கொஞ்சம் தெரிந்தது. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுப்ப மனம் வரவில்லை. வெயில் தாழ்ந்ததும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

மணல் தெரு என்னைத் தானாகவே கரைக்குக் கொண்டுபோய் விட்டது. அது தரைக்கடல். அலை எல்லாம் தூரத்துப் பாறைவரம்பிலேயே உடைந்துவிட, உள்ளே வந்த தண்ணீர் குளம்போல் நின்றது. கழுத்தளவு நீரில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டை, தலையில் துணி, எல்லாம் அப்படியே நனைந்திருந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். அதில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், தண்ணீரிலிருந்து கையை எடுத்து வா என்றாள். நான் என் சுடிதாரைக் காட்டினேன். அவள் தன் சட்டையைக் காட்டிச் சிரித்தாள்.

இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் தாண்டியபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. இடுப்பு, மார்பு. கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவள் என் முதுகுக்கடியில் உள்ளங்கையை வைத்துச் சாயச் சொன்னாள். சாய்ந்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. பேச்சு நின்றது, காற்று நின்றது. என் மூச்சு மட்டும் எங்கோ பக்கத்து அறையில் யாரோ உறங்குவதுபோல் கேட்டது. மேலே வானம் ரோஜா நிறத்திலிருந்து சாம்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் முதுகில் அந்தக் கை இல்லை என்பது தெரிந்தது. பயம் வருவதற்குள், நான் தானாகவே மிதக்கிறேன் என்பதும் தெரிந்துவிட்டது.

அவர் மறுநாள் விடிந்துதான் கண் விழித்தார். நான் கடலில் கிடந்த கதையைச் சொன்னேன். நம்பவில்லை. "உனக்குப் பேடி, பயம் ஒண்ணும் இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டார். கதவில் தொங்கிய ஈர உடுப்பைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார்.

அடுத்த நாட்களில் நான் தினமும் அந்தியில் போனேன். அவர் பகலிலும் உறங்கினார், இரவிலும் உறங்கினார். எழுந்த நேரத்தில் மாமியாரோடு முற்றத்தில் உட்கார்ந்து, அவர் மொழி இவருக்கும் இவர் மொழி அவருக்கும் தெரியாமலே, மீன் துண்டு போடுவது எப்படி என்று சண்டை போட்டார்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் அந்தியில் அவரும் என்னோடு கரைக்கு வந்தார். ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, நான் இறங்குவதையும் சாய்ந்து மிதப்பதையும் பார்த்தார். நான் நிமிர்ந்தபோது எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரின் ஓரத்தில் நின்றார்.

"அடியில கல்லு கெடக்கா?" என்று கேட்டார்.

"மணலுதான். வாங்க" என்றேன்.