சேலத்துக்கு இறங்கிய தாய்வீடு

என் தொழில் படம் பிடிப்பது. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ. ஏரிக்கு வரும் புதுத் தம்பதிகளை மரத்தில் சாய்த்து நிறுத்திச் சிரிக்கச் சொல்வேன். அதனால், தொண்ணூறுகளின் நடுவில், சேலத்தில் ஸ்கேன் எடுத்த என் மனைவியின் வயிற்றுப் படம் கைக்கு வந்தபோது, அதைப் பற்றிப் பேச இந்த மலையிலேயே தகுதியான ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். ஃபோகஸ் இல்லை. பாதி கறுப்பு, மீதி சாம்பல். இப்படி ஒன்றை நான் கொடுத்திருந்தால் வாங்கியவர் என் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பார்.

“தலைகீழா பிடிச்சிருக்கீங்க,” என்றார் டாக்டரம்மா.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஆறாம் மாதம் முடியப் போகிறது, குழந்தை நன்றாக இருக்கிறது. கர்ப்பப்பையின் வாய்தான் இருக்கவேண்டிய நீளம் இல்லை, குட்டையாக இருக்கிறது. அப்படி இருந்தால் சிலருக்கு மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிடும். “எல்லாருக்கும் வராது. இவங்களைக் கொஞ்சம் கூடுதலா கவனிங்கன்னு ஸ்கேன் சொல்லுது, அவ்வளவுதான். ரெஸ்ட் எடுக்கட்டும். குலுங்கற பயணம் வேண்டாம். ரெண்டு வாரத்துல மறுபடி கூட்டிட்டு வாங்க, அளந்து பார்த்துடலாம்.”

குலுங்கக் கூடாதாம், ரெண்டு வாரத்தில் வரவும் வேண்டுமாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாரே, நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு இருப்பது இந்த அம்மாவுக்குத் தெரியாதா? கேட்டே விட்டேன்.

“மெதுவா வாங்க,” என்றார்.

மெதுவாகத்தான் ஊர் திரும்பினோம். பஸ் டிரைவரின் காதில் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவர் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் பஸ்ஸுக்கே சொன்னார். முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தவர்கள், இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் சலித்துப்போனார்கள். “இந்த வேகத்துல போனா பிரசவம் பஸ்லதானுங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் காதில் வாங்கவில்லை. வளைவுக்கு வளைவு “வலிக்குதா, வலிக்குதா” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். பாதி மலையில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தது யார் என்றால், நான்தான். அவள் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“மசக்கை யாருக்குன்னே தெரியலீங்களே,” என்றார் கண்டக்டர்.

வீட்டில் மாமியார் காத்திருந்தார். செம்மநத்தத்துக்காரர். வளையல் போட்டு மகளைத் தன் ஊருக்கு அழைத்துப்போக நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அந்தத் தாய்வீடோ மலைக்குள் இன்னும் உள்ளே, எதிரில் ஒரு ஜீப் வந்தாலே ஒதுங்க இடமில்லாத ரோட்டில். அவசரமென்றால் அங்கிருந்து முதலில் ஏற்காடு வர வேண்டும், அப்புறம் இருபது வளைவு.

“முடியாதுங்க அத்தை,” என்று படத்தை நீட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல எம் பேரப்புள்ளை எங்கீங்க மாப்பிள்ளை?”

தொழில்காரன் இல்லையா, உடனே ஓர் இடத்தில் விரலை வைத்தேன்.

“அது மூத்திரப் பைங்க,” என்றாள் மனைவி. அவளுக்கு டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்.

மாமியாருக்கு இது போதாதா? “நானுந்தான் அஞ்சு பெத்தேன். எந்தப் படத்தைப் பாத்துட்டுப் பெத்தேன்?”

“அதுல ஒண்ணு மாசம் நெறையாமப் பொறந்து தங்கலியேம்மா,” என்றாள் மனைவி.

மாமியார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். எனக்கோ அமைதி என்றாலே ஆகாது. “அம்மா இருக்கற எடந்தானுங்களே அம்மா ஊடு? நீங்க சேலத்துக்கு எறங்கிட்டா, அதுதான் தாய்வீடு,” என்று சொல்லிவைத்தேன். பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

“எப்பப் போலாமுங்க?”

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறை பிடித்தேன். மாமியார் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தார்: ராகி மூட்டை, அம்மிக்கல், அடைகாக்கும் கோழி ஒன்று. சித்திரை மாதச் சேலத்தை அவர் அதுவரை கண்டதில்லை. “இந்தக் காத்தாடி கழண்டு எம் மவ வயித்துல உளுந்தா?” என்று ஃபேனை நிறுத்திவிடுவார். அப்புறம் “நொம்ப வேகுதுங்க மாப்பிள்ளை” என்று என்னைப் பார்ப்பார், வெயிலை நான் போட்டுவிட்டதுபோல.

நான் மட்டும் யோக்கியமா? மனைவி ஏப்பம் விட்டால் ஆட்டோ கூப்பிட்டேன். புரண்டு படுத்தால் செருப்பைத் தேடினேன். என்னைக் கண்டாலே நர்ஸ், “வாங்க சார், வலி வந்துருச்சுங்களா உங்களுக்கு?” என்பார். அடுத்த ஸ்கேனில் அளவு குறையவில்லை. அதற்கடுத்ததிலும் அப்படியே. “நல்லா தாங்குது,” என்றார் டாக்டரம்மா. எனக்கு நிம்மதி வரவேண்டும் அல்லவா? அளந்த கோல் சரிதானா என்று கேட்டேன். மனைவி என் தொடையைக் கிள்ளினாள்.

எட்டாம் மாதம் போயிற்று. ஒன்பது போயிற்று. குறித்த தேதியும் போயிற்று. அவசரப்படும் என்று நாங்கள் பயந்த பிள்ளை அசையவில்லை.

“இனிமே நல்லா நடக்கட்டும்,” என்றார் டாக்டரம்மா.

“குலுங்கக் கூடாதுன்னீங்களே!”

“அது அப்ப. இப்பக் குலுங்கலாம்.”

கோழி குஞ்சு பொரித்து அவை தெருவில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே மனைவி நடந்தாள், விசிறியோடு மாமியார், குடையோடு நான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு வழியாக வலி வந்தபோது நான் நம்பவில்லை. “ஏப்பமா இருக்கும்” என்றேன். அந்த ஒரு சொல்லை மனைவி இன்றுவரை குத்திக்காட்டுகிறாள்.

பெண் குழந்தை. ஆளைப் பார்த்தால் மூன்று மாதப் பிள்ளை போல, கன்னமும் தொடையுமாக. மாமியார் மடியில் வாங்கி, “ஏஞ் சாமி, இதுக்கா என்னை வெயில்ல வேக வெச்ச?” என்றார். சொல்லிவிட்டு நெடுநேரம் அதன் விரல்களையே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவை எடுத்து என் மகளின் முதல் படத்தை நானே பிடித்தேன். மலைக்குத் திரும்பியதும் ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டு, ஈரம் காயுமுன் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் அப்போதுதான் எட்டிச் சரியாகப் பார்த்தேன்: ஃபோகஸ் இல்லை, பாதி கறுப்பு, மீதி சாம்பல்.

“இதுல எம் பேத்தி எங்கீங்க மாப்பிள்ளை?”