தம்பி ரூம்

என் வீட்டுக்காரர் கல்லூரியில் உலக அரசியல் நடத்துகிறார். எந்த நாடு எந்த எல்லையில் படையைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகும். மாணவர்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘நடுநிலை சார்’. அதைப் பாராட்டு என்று நினைத்து, வீட்டில் வந்து சொல்லிச் சிரித்த ஆள் இவர்.

பாடம் நடத்துவதில் மட்டும் குறை சொல்ல முடியாது. நிலமும் மக்களும் அரசும் இருந்தால் போதாது, மற்றவர்களும் அதை நாடு என்று வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பேர்தான் அங்கீகாரம் என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்குவார். பக்கத்தில் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்ட எனக்கே புரிந்துவிட்டது.

மாடியில் ஒரே அறை. அதுதான் என் தையலறை. இத்தனை வருஷமாகக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த எனக்கு, முதல்முறையாக ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் கிடைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தனார் வந்து இறங்கினார், வீடு கிடைக்கும்வரை நாலு நாள் என்று.

முதலில் அவர் பை மட்டும் என் அறைக்குள் போனது. பிறகு ஒரு கட்டில். பிறகு, நூல் பறந்து தும்மல் வருகிறது என்று என் வெட்டுமேசை வராந்தாவுக்கு வந்தது. மெஷினும் பின்னாலேயே வந்தது.

“உங்க தம்பிகிட்ட சொல்லுங்க” என்றேன்.

“சட்டப்படி ரூம் உன்னோடதுதான், அதுல மாற்றுக்கருத்தே இல்ல. ஆனா நடைமுறையில இப்போ அவன் கையில இருக்கு. பேச்சுவார்த்தைக்கு ஒரு சூழல் வரணும்.”

“தினமும் எதிர்லதானே உக்காந்து சாப்பிடுறார்? வாயத் திறந்து பேசுங்களேன்!”

“அவசரப்படாத. நெருக்கினா நிலைமை மோசமாயிடும்.”

நெருக்காமலே மோசமாயிற்று. ஒரு மழையில் வராந்தாவுக்குள் சாரல் அடித்து, வெட்டி வைத்த துணியெல்லாம் சாயம் இறங்கிவிட்டது. வாரக் கடைசிக்குள் முதல் கட்டு வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு இவரிடம் சொன்னேன்.

“ரொம்பக் கவலையா இருக்கு” என்றார். கவலையைத் தெரிவித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது!

மறுநாள் காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது இவர் சட்டையில் பட்டன் அறுந்து தொங்கியது. ஊசியில் நூலைக் கோத்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினேன்.

“தம்பி ரூம்ல இருக்கும் பாரு” என்றார்.

“யார் ரூம்ல?”

பாடம் நடத்துகிறவருக்குத் தெரியாதா, தன் வாய் என்ன கொடுத்துவிட்டது என்று? முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று மாடி ஏறினார். அப்பாடா, இன்றைக்காவது இவருக்கு ரோஷம் வந்ததே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

கதவு சாத்தியிருந்தது. பட்டன் இல்லாத சட்டையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இவர் மெல்லத் தட்டினார்.

“தம்பி, உள்ள வரலாமாப்பா?”

தலையில் அடித்துக்கொண்டேன். இவரை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

கொழுந்தனார் போர்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். “என்ன அண்ணி, தட்டாம வர்றீங்க?”

“என் ரூமுக்கு நான் எதுக்குத் தட்டணும்?”

குனிந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினேன். இவர் வாசற்படியில் நின்றுகொண்டு என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நடுவுல நின்னது போதும். அந்தப் பக்கம் பிடிங்க.”

சட்டையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்தார்.